கிணற்றிலேயே திரும்ப ஊற்றிய தண்ணீர்

போன வாரம் ஃபிரிட்ஜைத் திறந்ததும் டீசல் வாடை முகத்தில் அடித்தது. தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த டப்பாவின் மூடி விரிசல் விட்டிருந்தது. "ஒண்ணு இந்த டப்பா இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். உன் கிணற்றில் நாம் தொங்கவிட்ட கொசுவலைப் பைதான். நீ போய் எட்டு மாதமாகியும் அதை எறிய எனக்குக் கை வரவில்லை.

பட்டாபிராமில் உன் வீட்டை ஒட்டியிருந்த லாரி ஷெட்டில், மண்ணுக்குள் புதைத்த டீசல் தொட்டி ஓட்டையானது, ஷெட்காரர்கள் காலி செய்துகொண்டு போன பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அதற்குள் உன் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மினுங்க ஆரம்பித்துவிட்டது. தூர்த்துவிடலாம் என்றார் உன் அண்ணன். ஷேர் ஆட்டோவைத் தெருவில் குறுக்கே போட்டுவிட்டு எதிர்வீட்டு மாடியில் இருந்த என்னிடம் ஓடி வந்தாய்.

"மாமே, நீ காலேஜ் லேப்லதான கீற? நான் நீச்சல் கத்துகினதே அந்தக் கெணத்துலதான். எதுனா பண்ணுடா."

ஷெட்டின் மண்ணையே அள்ளி வந்தோம். டீசல் ஊறிய மண்ணில் டீசலைத் தின்று பிழைக்கும் பாக்டீரியா இருக்கும், அதைப் பிரித்து லேபில் வளர்த்தேன். சும்மா கிணற்றில் விட்டால் இறைக்கிற தண்ணீரோடு போய்விடும் என்பதால், கடல்பாசிப் பசையில் கலந்து, ஊசிக்குழாயால் கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒவ்வொரு சொட்டும் உள்ளே உயிரோடு உருண்டையாக இறுகியது. நீ டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமே, ஜவ்வரிசி பாயசமா?" என்றாய். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு!

உருண்டைகளைக் கொசுவலையில் முடிந்து கிணற்றில் இறக்கினோம். அதுங்களுக்குக் காற்று வேண்டும், தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாளிலிருந்து நீ சவாரிக்குப் போகுமுன் நூறு வாளி மொண்டு, மொண்ட தண்ணீரைக் கிணற்றிலேயே உயரத்திலிருந்து ஊற்றினாய். தெருவே கேலி செய்தது. "இன்னா நைனா, கெணத்துக்குக் குளிப்பாட்டுறியா?" என்று பால்காரர் கேட்டார். "மூச்சு உடட்டும்னு" என்றாய் நீ, நிறுத்தாமல்.

இரண்டு மாதத்தில் வாடை குறைந்தது. நம் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஆடி வந்தது. உங்கள் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுமுன் வருஷா வருஷம் கிணற்றைச் சுத்தம் செய்வீர்கள். நீயும் வழக்கம்போல ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு, சந்தோஷமாக என்னைக் கூழுக்குக் கூப்பிட வந்தாய். விஷயம் தெரிந்ததும் நான் உன் வீட்டுக்கே வந்து, உன் ஆட்கள் முன்னாலேயே கத்தினேன்.

"அறிவிருக்காடா உனக்கு? அத்தனையும் செத்துப்போச்சு! ஒண்ணு மிச்சமில்ல!"

"வருசா வருசம் செய்யிறது மாமே, கை தானா பூட்ச்சு," என்று நின்றாய். பிறகு மெதுவாக, "ஒண்ணு ரெண்டாவது பொழச்சிகினு இருக்காதா?" என்றாய். நான் விறுவிறுவென்று படியிறங்கிப் போனேன். அதன் பிறகு உன் பக்கம் வரவேயில்லை. உன் ஆட்டோ ஹாரன் கேட்டால் ஜன்னலை மூடினேன். பாவி நான்.

மூன்று வாரம் கழித்து, ஆவடி ஸ்டாண்டில் ஸ்டியரிங் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

காரியம் முடிந்ததும் உன் மனைவி அந்த வலைப்பையை என்னிடம் கொடுத்தாள். "கடைசி நாள் வரிக்கும் வாளியத் தூக்கிகினு போனாருண்ணா. சொன்னா கேக்கல." அப்போதுதான் உன் அண்ணன் கேட்டார், இனி இந்தக் கிணறு தேறுமா என்று. என்னைத்தான் கேட்டார். லேப்காரன் சொல்லுக்கு மதிப்பு. தேறாது என்றேன். அடுத்த வாரமே இடித்த கட்டடத்துக் கல்லும் மண்ணும் லாரியில் வந்து கிணற்றுக்குள் இறங்கின.

போன வாரம் டப்பாவை லேபிலேயே எறிந்துவிடலாம் என்று கொண்டுபோனேன். எறியுமுன் என்னவோ தோன்றி ஓர் உருண்டையை நறுக்கி, அதன் நடுப்பகுதியை, டீசலை மட்டும் தீனியாக வைத்த வளர்ப்புத் தட்டில் தேய்த்து வைத்தேன். மூன்றாம் நாள் தட்டைத் திறந்தால் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கிறது. அதேதான்டா, டீசல் தின்கிற அதே கூட்டம். மேலே இருந்தது செத்திருக்கிறது, உள்ளே இருந்ததைப் பசை காப்பாற்றியிருக்கிறது. இப்படிக் காப்பாற்றத்தானே அதைப் பசையில் வைப்பதே! படித்த எனக்கு அது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. ஒரே ஓர் உருண்டையை நறுக்கிப் பார்த்திருந்தால் போதும். கோபத்தில் பார்க்காமலேயே சொன்னேன். நீ பார்க்காமலேயே நம்பினாய், நம்பி மூன்று வாரம் தனியாக இறைத்து ஊற்றினாய்.

நேற்று டப்பாவை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். கிணறு இருந்த இடத்து மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உசுரோட கீதாண்ணா?"

"இருக்கும்மா."

"இப்ப எங்கண்ணா ஊத்துறது?"

டப்பாவைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இன்று காலை அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு சொட்டு டீசல் விட்டு, டம்ளரால் மொண்டு மொண்டு அதிலேயே ஊற்றினேன். என்ன செய்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். மூச்சு விடட்டும் என்றேன். நூறு வரை எண்ணித்தான் நிறுத்தினேன்.