எலியின் கழுத்து

செப்டம்பர் 3, புதன்

எலி வந்துவிட்டது. கூரியருக்குக் கையெழுத்துப் போட்டது நான், வாங்கிக் கொஞ்சியது என் வீட்டுக்காரர். பஜாரில் ஊரார் மொபைலுக்கெல்லாம் உயிர் கொடுக்கிற மனுஷன், வீட்டில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டருக்குத் துணை தேடியிருக்கிறார். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய பழுப்புப் பெட்டி அது. அதற்கு இந்த மவுஸ்தான் ஜோடியாம். வால், இரண்டு பட்டன், வயிற்றில் ஒரு உருண்டை. செங்கல் கனம்.

எனக்கு அந்தப் பெட்டி இருக்கிற அறை வேண்டும். என் தையல் மிஷின் அடுப்படி வாசலில் கிடக்கிறது. போன வாரம் ஒரு கல்யாண பிளவுஸ்மேல் சாம்பார் தெறித்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

பந்தயம் ஹராம். அதனால் 'பேச்சு' என்று பெயர் வைத்துக்கொண்டோம். 21ஆம் தேதி மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம் கடைக்கு வருவதற்குள் எலியை வைத்துத் திரையில் ஒரு வட்டம் போட்டால் அறை அவருக்கு. இல்லையென்றால் எனக்கு.

"வட்டம் இன்னா, பூவே போடுறேன் பாரு" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வட்டம் கேட்டால் மாடிப்படி வருகிறது. நேராகப் போகிறது, சரிவாகப் போகிறது, வளைய மட்டும் மாட்டேன் என்கிறது. "ராஜகிரிக் கோட்டைக்குப் படி கட்டுறீங்களா?" என்றேன். முறைத்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

உருண்டையைக் கழற்றிக் கழுவினார். உள்ளே பஞ்சால் துடைத்தார். மறுபடியும் படிதான். சாப்பிடும்போதும் உருண்டையைத் தட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். ஐயோ, ஏன்தான் கண்டுபிடித்தேனோ!

டீ கொண்டுபோனபோது பார்த்தேன். பிஸ்மில்லா சொல்லி வலது கையால் சுவிட்ச் போட்டார். எதையும் வலது கையால் தொடங்குவதுதான் அவர் வழக்கம். அப்போ எலி? அது இடது கையில், ஓடிவிடப்போகிறது என்பதுபோல இறுக்கிப் பிடித்தபடி. ஆள்காட்டி விரல் வலது பட்டனை நசுக்கிக்கொண்டிருந்தது.

அவர் கடைக்குப் போனதும் எலியைத் தொடாமல் சுவிட்ச் போட்டேன். பிறகு எலியை நகர்த்தினேன், வட்டம் வந்தது! அணைத்து, அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டு போட்டேன். மாடிப்படி.

சொல்லவா? சொன்னால் அறை போச்சு.

செப்டம்பர் 18, வியாழன்

சொல்லவில்லை.

செப்டம்பர் 20, சனி

எலியைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தார். மையத்து உடம்புக்குக் கஃபன் துணி சுற்றுவதுபோல அவ்வளவு பதமாக. "செத்துப்போச்சு ரிஹானா. ரூம நீயே எடுத்துக்கோ."

ஜெயிச்சாச்சு. ஆனா சோறு எறங்கலயே! சொல்லித் தொலைத்தேன்.

"ஏங்க, அது சாவல. சுவிட்ச் போடும்போது அது கழுத்தப் புடிக்காதீங்க."

போட்டார். வட்டம். அடுத்து ஒரு பூ. சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டு கரண்ட் கொடுத்தால் எலி வெறும் கேம் ஆடுகிற ஜாய்ஸ்டிக் ஆகிவிடுமாம், எட்டுத் திசைக்குமேல் போகாதாம். இதை எனக்கே பாடமாக நடத்தினார்!

தவளை தன் வாயால் கெடும்.

செப்டம்பர் 24, புதன்

மேஜை வழவழப்பாம், உருண்டை வழுக்குதாம். "அடியில போட ஒரு துணி தச்சுக் குடேன்" என்று வந்து நின்றார்.

"தைக்கலாம். ஆனா அடுப்படி வாசல்ல தைக்கிறது. சாம்பார் வாசம் அடிக்கும், எலிக்கு ஒத்துக்குமோ என்னமோ."

தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மிஷின் அறைக்குள் வந்துவிட்டது, ஜன்னலோரமாக. அவரே தூக்கி வைத்தார். எலிக்கு மெரூன் வெல்வெட்டில் விரிப்பு தைத்து, ஓரத்தில் அவர் திரையில் போட்ட அதே பூவை எம்பிராய்டரி செய்து கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் இப்போது அடுப்படி வாசலில். நான் தாளிக்கப் போனால் ஓடிவந்து எலிமேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைக்கிறார்.