டேங்கில் கிடந்த சோப்பு

9.2.87 திங்கள்

நல்ல பனி. திண்டிவனம் யார்டுக்குப் போய்ச் சேர ஏழரை. முதலாளியின் பேக்ஹோ, மண் தோண்டும் மிஷின், ஒன்றரை வருடமாக நின்ற இடத்திலேயே. டயரைச் சுற்றிப் புல். சீட்டில் கோழி முட்டையிட்டிருக்கிறது. வரும் திங்கள் விக்கிரவாண்டிப் பக்கம் ஏரி வேலையாம், அதற்குள் ஓட வேண்டுமாம். உத்தரவு போடுவது சுலபம்.

பழைய டீசலை இறக்கினேன். காப்பி நிறம், கெட்டுப்போன வாடை.

வாங்க: டீசல் பில்டர் 2, வாஷர், ஓஸ் ஒரு முழம். வீட்டுக்கு து.பருப்பு, சின்னவளுக்கு பல்பம்.

சவரிமுத்து நினைப்பு. இதை ஓட்டிக்கொண்டிருந்தவன். வேலையில் புத்தி போகவில்லை.

10 செவ்வாய்

பில்டர் மாற்றி, டீசல் லைனில் அடைத்திருந்த ஏரை வெளியேற்றி, கை பம்பை அடித்து அடித்துத் தோள் கழன்றுவிட்டது. பதினோரு மணிக்கு ஸ்டார்ட். ஒரே வெள்ளைப் புகை. "உசிரு வந்துட்ச்சி மேஸ்திரி" என்றார் வாட்ச்மேன். கால் மணி நேரம்தான். இழுத்து இழுத்து நின்றது. டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் ஓடுகிறது. மறுபடி கால் மணியில் நிற்கிறது.

ஒன்றரை வருடம் முன்பு பெருமுக்கல் ஊர் வேலையிலும் இதே பேஜார்தான். அப்போது பில்டரில் நாலு சொட்டுத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, டீசலில் தண்ணீர் என்று சொன்னது நான். டீசலை விற்றுத் தண்ணீர் ஊற்றியவன் சவரி என்று முடிவு கட்டியது முதலாளி. எடுத்துக் கொடுத்தவன் நான்தானே.

தூக்கம் இல்லை. கொசு வேறு.

11 புதன்

பம்பு பக்கம் பைப்பைக் கழற்றினேன். டீசல் கொஞ்சம் வந்தது, நூலாகி நின்றது. சைக்கிள் பம்பால் ஊதினால் கொட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நூல். அப்படியானால் கோளாறு டேங்குக்குள்.

டேங்கை இறக்கிக் கவிழ்த்தேன். துரு, சேறு. கடைசியாக ஒரு மஞ்சள் கட்டி. எலுமிச்சை அளவு. துணி சோப்பு.

என் சோப்பு.

பெருமுக்கலில் டேங்க் அடியில் ஊசி ஓட்டை. வெல்டிங் வைக்கும்வரை இருக்கட்டும் என்று சோப்பைப் பிசைந்து அடைத்தேன். கட்டை விரலால் அழுத்தியதில் ஒரு கட்டி உள்ளே போய்விட்டது. கரைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீசலில் சோப்பு கரையாது. கரையாது என்றுதானே அதை வைத்தே அடைக்கிறோம். என்ஜின் இழுக்கும்போது குழாய் வாயில் போய் ஒட்டும், நின்றால் விலகும். இதுதான் சங்கதி.

வாட்ச்மேன் பார்ப்பதற்குள் பையில் போட்டேன்.

12 வியாழன்

வெல்டிங். டேங்க் ஏற்றியாயிற்று. மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. இடது கை நகம் நசுங்கியது, நன்றாக வேண்டும் எனக்கு.

அன்றைக்கு எல்லாரையும் பெருமுக்கலில் வரிசையாக நிற்க வைத்தார் முதலாளி. டேங்க் விஷயத்தில் தப்பு செய்யாதவன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றார். நான் இரண்டாவது ஆள். சோப்பு ஞாபகம் வந்தது. வந்தும் அணைத்தேன். சவரி வேதக்காரன், "எங்க வேதத்துல இது இல்லீங்க, பைபிள் மேல வேணா கை வெக்கிறேன்" என்றான். யாரும் பைபிள் கொண்டுவரவில்லை. அணைக்காதவன் திருடன் என்றாகிவிட்டது. இந்தப் பக்கம் எந்த மிஷினிலும் பிறகு அவனை ஏற்றவில்லை.

13 வெள்ளி

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "மிஷினு ஓடுதில்ல? அத்தோட வுடு தணிகா. இப்ப போய் அத எதுக்குக் கிளறிக்கினு." நெஞ்சு கொஞ்சம் லேசானது. லேசானதே எனக்குப் பிடிக்கவில்லை.

15 ஞாயிறு

விழுப்புரம். பஸ்ஸில் நின்றே பயணம். சவரி இப்போது மண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்குகிறான். மாதா கோயில் பூசை முடிந்து வீட்டில் இருந்தான். முதுகு கூன் விழுந்த மாதிரி. அவன் சம்சாரம் காப்பி கொடுத்தது. வாசல் ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் திட்டுவான் என்று இருந்தேன். திட்டவில்லை.

"எல்லாரையும் நிக்க வெச்சித்தான என்னத் திருடன்னாங்க. நீ இவ்ளோ தூரம் வந்து என் காதுல மட்டும் சொல்ற. அத அங்க சொல்லுண்ணே."

நாளைக்கே சொல்கிறேன் என்றேன். கிளம்பும்போது அவன் சம்சாரம் கும்பிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

16 திங்கள்

ஏழு மணிக்கு எல்லாரும் யார்டில். முதலாளி, டிரைவர்கள், பெருமுக்கலில் வரிசையில் நின்ற அதே ஆட்கள் ஐந்தாறு பேர். ராத்திரியெல்லாம் வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரே அடியில் ஸ்டார்ட். முதலாளி என் முதுகில் தட்டினார். புது ஆபரேட்டர் சத்தமாகக் கேட்டான், "இன்னாதான் கோளாறு மேஸ்திரி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியும்.

ரொம்ப நாள் நின்ற வண்டி, தூசி அடைச்சிக்கினு இருந்தது என்றேன்.