கையை விடாத லாரி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌகரியம்தானே? இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். வலது கை வீங்கியிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், பயப்படாதே.

வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் எடுக்காததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். நம் பழைய லாரியில் ரேடியேட்டர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் இருக்கிற தெர்மோஸ்டாட் கூடு விரிசல் விட்டுத் தண்ணீர் ஒழுகியது, சென்சாரும் போய்விட்டதால் சூடு காட்டும் முள் அசையவே இல்லை. அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்த ஏழு மாதமாக ஒரு லோடும் அடிக்கவில்லை, வண்டிக்கு என்ன அவசரம் என்பாய். உன்னிடம் மறைப்பானேன், ஒரு மணி நேரம் வீட்டுக்கு வெளியே நிற்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் வீட்டை ஒட்டிய ஷெட்டுக்குப் போய்ப் புதுக் கூட்டை மாட்டி போல்ட்டுகளை இறுக்கிவிட்டேன். சென்சார்தான் உள்ளே தள்ளி இருந்தது. இன்ஜினுக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவே கையை நுழைத்துத் திருகும்போது ஸ்பேனர் வழுக்கி மணிக்கட்டு சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க வீங்கியது. போன் டிரைவர் சீட்டில் அடித்து ஓய்ந்தது. அப்புறம் அம்மா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டாள், இதோ வருகிறேன் என்று பொய் சொன்னேன். மறுபடி கூப்பிட்டாள். பக்கத்துத் தையல்காரர் கடையும் பூட்டிக் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் பம்பரில் சாய்ந்து நின்றேன். கை மாட்டியது இன்றைக்குத்தான், நான் மாட்டி ஏழு மாதமாகிறது என்று தோன்றியது. தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கடைசியில் உண்மையைக் கத்தினேன். உள்ளிருந்து பதிலே இல்லை, எழுந்து விழுந்துவிட்டாளோ என்று மறுபடி கத்தினேன். கொஞ்ச நேரத்தில் வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. குளியலறைக்குக்கூட என் தோளைப் பிடித்து வருகிறவள், இரண்டு படி இறங்கி, பாத்திரம் துலக்கும் சோப்பை ஒரு பையில் போட்டு வாக்கரில் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரில் அதைக் கரைத்து ஊற்றியதும் கை உருவிக்கொண்டு வெளியே வந்தது. தனியாக ஏன் இறங்கினாய் என்று கோபித்துக்கொண்டேன். "நீங்க மட்டும்தான் மாட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சீங்களா?" என்றாள். இருட்டும்வரை ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தோம், உள்ளே போக இருவருக்குமே மனமில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து சென்சாரை மாட்டிவிட்டார், முள் ஒழுங்காக ஏறுகிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்கலாம் என்று நீ சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றேனே, இப்போது ஏற்பாடு செய், ரோஷம் பார்க்கமாட்டேன். உன் காரிலும் இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, மறந்துவிடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். நாளைக்கு அம்மாவைத் தெருமுனைவரை நடத்திக் கூட்டிப்போகிறேன், அல்லது அவள் என்னை.

என்றும் உன் நினைவாக,
அப்பா