அப்பாவின் அறையைத் துடைத்த குற்றம்

அனுப்புநர்:
எழுத்தர், மின்வாரியப் புகார்ப் பிரிவு
(இறந்த முதியவரின் ஒரே மகள், இவ்வழக்கின் புகார்தாரர்)

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: என் தந்தையின் மரணத்தில் கைதான பராமரிப்புப் பெண் – நான் கொடுத்த புகாரில் விடுபட்ட உண்மைகள் – மேல் விசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினெட்டு ஆண்டுகளாக ஊராரின் புகார்களை எழுதுவதுதான் என் வேலை. ஆகவே அப்பா இறந்த அன்று மாலை நான் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த புகாரில் ஓர் எழுத்துப் பிழைகூட இருக்காது. பொய்யும் இல்லை. ஆனால் அதில் நான் எழுதாமல் விட்டவற்றால் ஒரு பெண் இரண்டரை மாதமாகச் சிறையில் இருக்கிறார்.

2. அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் இன்று குற்றம் சாட்டப்பட்டிருப்பவர். அப்பா அவரைக் "கண்டக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். புரட்டிப் படுக்க வைக்கும்போது அவர் "ரைட், போலாம்" என்றால்தான் உடம்பைத் தளர்த்துவார். இல்லையென்றால் கல் மாதிரிக் கிடப்பார். பெற்ற மகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எனக்கு அதில் பொறாமை இருந்தது. புகார் எழுதிய கைக்கு அதுவும் தெம்பு கொடுத்திருக்கும் என்று இப்போது தோன்றுவதால் சொல்கிறேன்.

3. சம்பவத்தன்று காலை பதினொன்றேகால் மணிக்கு, அவர் வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குப் போயிருந்தபோது அப்பா தானாக எழ முயன்று விழுந்தார். பின்தலை மேசை முனையில் மோதி அங்கேயே உயிர் போய்விட்டது. ஆம்புலன்ஸுக்கும் எனக்கும் அவர்தான் தகவல் சொன்னார். நாங்கள் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் தனியாளாக அப்பாவைக் கட்டிலில் ஏற்றி, துவைத்த சட்டை போட்டு, தலை வாரி விட்டிருந்தார். தரையில் பினாயில் வாசம். ரத்தம் பட்ட விரிப்பு வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பின்தலைக் காயத்தை மருத்துவர் காட்டித்தான் நான் பார்த்தேன். "மறைக்க ஒண்ணும் இல்லன்னா எதுக்கு அவசரமா துடைக்கணும்?" என்றார் மேல்வீட்டுக்காரர். அதையே நான் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

4. அந்தப் பெண் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள்: கவனக்குறைவால் மரணம் விளைவித்தது, தடயத்தை அழித்தது. "துடைச்சியா?" என்று காவல் நிலையத்தில் கேட்டதற்கு "துடைச்சேன் சார்" என்றும், "யாரும் பாக்கறதுக்கு முன்னாடியா?" என்றதற்கு "ஆமா சார், அக்கா பாக்கறதுக்கு முன்னாடி" என்றும் சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்திலும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே போனார். இலவச சட்ட உதவி வழக்கறிஞர் அவரை வராந்தாவில் நிறுத்தி, "செஞ்சத ஒத்துக்கறது வேற, குத்தத்த ஒத்துக்கறது வேறம்மா. குத்தம் நடந்திருக்குன்னு தெரிஞ்சு, அத மறைக்கத் துடைச்சிருந்தாத்தான் இந்தக் கேஸ் நிக்கும். உன்ன யாராவது துடைக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார். எதிர் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் சொல்லல சார்" என்றார். அது பொய் ஐயா. எனக்குத் தெரிந்து இந்த வழக்கில் அவர் சொன்ன ஒரே பொய். என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது.

5. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அப்பா படுக்கையிலேயே மலம் கழித்துவிட்டுக் கிடந்தார். என்னால் தாங்க முடியவில்லை. அப்பா காதில் விழும்படியே அந்தப் பெண்ணிடம் கத்தித் தீர்த்தேன். "இனிமே அப்பாவ இந்தக் கோலத்துல நான் பாக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் நான் வர்றதுக்குள்ள துடைச்சிடணும்" என்றேன். அதன்பின் ஒருநாளும் நான் அப்பாவைச் சட்டைப் பொத்தான் கழன்றுகூடப் பார்த்ததில்லை. வேலை என்பதே அதுதான் என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டார்.

6. பணி நேரத்தில் எங்கள் கைப்பேசிகளைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதனால் அன்று அவர் அலுவலகப் புகார் எண்ணுக்குத்தான் அழைத்தார். அந்த எண்ணில் பேசுவதெல்லாம் பதிவாகும். போன வாரம்தான் அதைப் போட்டுக் கேட்கத் துணிந்தேன். "அக்கா, அப்பா விழுந்து..." என்று அவர் தொடங்குகிறார். நான் முடிக்க விடவில்லை. "சரி சரி, துடைச்சு வைங்க, சாயங்காலம் வந்துடறேன்" என்கிறேன். அதன்பின் அவர்: "அப்பா போயிட்டாங்கக்கா." அப்புறம் என் அழுகை. கடைசியாக அவர் குரல்: "நான் துடைச்சு வைக்கறேன், நீங்க பதறாம வாங்க." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

7. முதல் குற்றச்சாட்டு பற்றியும் ஒரு வார்த்தை. கட்டிலின் பக்கத் தடுப்புக் கம்பி உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் மூன்று முறை என்னிடம் சொன்னார். ஊரில் எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்றாலும் ஆள் அனுப்புகிற நான், அதைச் சரி செய்ய ஓர் ஆளைக் கூப்பிடவில்லை. கவனக்குறைவு யாருடையது என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்.

8. ஆகவே மேற்கண்டவற்றை என் கூடுதல் வாக்குமூலமாகப் பதிவு செய்து, மேல் விசாரணைக்கு உத்தரவிட்டு, அவருடைய ஜாமீனை எதிர்க்காமல் இருக்கும்படி வேண்டுகிறேன். அவர் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறவும், முழுமையற்ற புகார் கொடுத்ததற்காக என் மேல் நடவடிக்கை வந்தால் ஏற்கவும் தயார்.

9. இது அவசரம் ஐயா. எங்கள் அலுவலகப் பதிவுகள் தொண்ணூறாம் நாள் தாமாக அழிந்துவிடும். இன்று எண்பத்திரண்டாம் நாள். அதைக் கைப்பற்ற உடனே ஆள் அனுப்புங்கள். இன்னும் எட்டு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என்னை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் தெரிந்தே, மறைக்க வேண்டும் என்றே தடயத்தை அழித்தவள் இந்த வழக்கில் நான் ஒருத்திதான் என்று ஆகிவிடும்.

இடம்: அப்பாவின் அறை
நாள்: அவர் இறந்த எண்பத்திரண்டாம் நாள்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
புகார்தாரர்