சிந்தாமணித் தோட்டத்தில் நின்ற கார்டு பெட்டி

என் தங்கமே தாமு,

உன் போனை ரேவதி இன்னும் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு, திரையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப உன் மேசைமேலேயே வைத்துவிடுவாள். யார் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டாள். போன மாதம் நான் உங்கள் எலெக்ட்ரானிக் சிட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது அது அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. ரேவதி கூடையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். நான்தான் எடுத்தேன்.

சிந்தாமணிக்குப் பக்கத்திலிருந்து நாராயணப்பா என்று ஒரு விவசாயி. நீ ஒருநாள் டீக்கடையில் நின்று பழைய சின்ன ரயிலைப் பற்றி விசாரித்தாயாம். உன் நம்பரை வாங்கி வைத்திருந்தாராம். இப்போது அவர் வாங்கியிருக்கிற தோட்டத்தில் அந்த ரயிலின் கார்டு பெட்டி ஒன்று கிடக்கிறதாம். மாட்டுக்கொட்டகை போட அதை உடைக்கப் போகிறேன், ஸார் பார்க்க வேண்டுமென்றால் சீக்கிரம் வரச்சொல்லுங்கள் என்றார்.

நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையடா. வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கார்டு பெட்டி என்றதும் ரேவதி துணியைக் கீழே வைத்துவிட்டாள். உன் ரயிலில் இல்லாதது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். யெலஹங்காவிலிருந்து சிக்கபள்ளாபூர், சிந்தாமணி, கோலார் என்று சுற்றிக்கொண்டு பங்காரப்பேட்டைக்கு ஓடிய இரண்டரை அடிப் பாதை ரயிலை, பின் அறையில் பலகை போட்டு, விரல் அகலத் தண்டவாளத்தில் நீ ஓடவிட்டிருந்தாய். எஞ்சின் செய்தாய். அரை ஜாண் நீளத்தில் பயணிகள் பெட்டிகள் செய்தாய். கடைசியில் கார்டு உட்கார்ந்து வரும் பெட்டிக்கு மட்டும் வரைபடம் கிடைக்கவில்லை, சரியான போட்டோவும் கிடைக்கவில்லை. அவென்யூ ரோடு பழைய பேப்பர் கடைகளில் தேடினாய், ரிட்டையர் ஆன டிரைவர்களின் வீடு வீடாகப் போனாய். "குத்துமதிப்பா ஒண்ணு செஞ்சு மாட்டிடேன்டா" என்று நான்கூட ஒரு தடவை சொன்னேன். "பொய்யா ஒரு பெட்டிய மாட்டினா மத்ததெல்லாம் பொய்யாயிடும்க்கா" என்றாய்.

அப்புறம் ஒரு மத்தியானம் ஆபீஸில் சாப்பிட்டுவிட்டு எழுந்தவன் அப்படியே விழுந்துவிட்டாய். நாற்பது வயதுகூட ஆகவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன் கையில் சூடு இருந்தது. அது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

அந்தப் போன் வந்த நேரத்தில் ரேவதி வீட்டைக் காலி செய்யும் யோசனையில் இருந்தாள். வேலூரில் அவள் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உன் பலகைகளை யாராவது வாங்கிக்கொண்டு போனால் போதும், தினம் அந்த அறையைத் தாண்டிப் பாத்ரூமுக்குப் போகமுடியவில்லை என்றாள். சிந்தாமணிக்கு நான் மட்டும் போய் நாலு போட்டோ எடுத்து வருகிறேன் என்றேன். விடிந்ததும் பார்த்தால், அவள் குளித்துவிட்டு வாசலில் செருப்போடு நிற்கிறாள்.

சிந்தாமணிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் போனோம். நாராயணப்பா ரோட்டிலேயே காத்திருந்தார். எங்களைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார். "ஸார் பர்லில்வா?" என்றார், நீ வரவில்லையா என்று. ரேவதிதான் தன் அரைகுறைக் கன்னடத்தில், "அவரு ஹோகிபிட்ரு" என்றாள். போய்விட்டார் என்று. அவருக்குப் புரியவில்லை. "எல்லிகே?" என்று கேட்டார்.

எங்கே என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள் தாமு? நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ரேவதியைப் பார்த்து, நீதானா அந்தப் பெண் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அடுத்த முறை வரும்போது வீட்டுக்காரியைக் கூட்டிவருகிறேன், இந்த ரயிலின்மேல் அவளுக்குத்தான் கோபம், ஒரு பெட்டியைக் கண்ணால் பார்த்தால் கோபம் போய்விடும் என்று டீக்கடையில் நீ சொன்னதை அவர் மறக்கவில்லை.

பெட்டி புளியமரத்துக்குக் கீழே கிடந்தது. சக்கரமெல்லாம் எப்போதோ போய்விட்டது, கல்லை அடுக்கி அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கப் பலகை மக்கி உதிர்ந்துவிட்டது. மறுபக்கம் முழுசாக இருந்தது. உன் கம்ப்யூட்டரில் நீ பாதி வரைந்து வைத்திருந்த படத்தில் கதவு நடுவில் இருக்கும். அது தப்புடா, கதவு ஓரத்தில் இருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூடு வெளியே பிதுங்கி நின்றது, கார்டு உட்கார்ந்தபடியே வண்டி முழுவதையும் பார்ப்பதற்கு. உள்ளே பெஞ்சுக்கு அடியில் கம்பிக் கதவு போட்ட ஒரு கூண்டு. அந்தக் காலத்தில் நாயைக் கூட்டிவருகிறவர்கள் அதற்குள் விடுவார்களாம். இப்போது அதில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாயா? இல்லை, கோழியைக் கிளப்பாமல் எப்படி அளப்பது என்று யோசித்திருப்பாயா?

நான் டேப்பைப் பிடிக்க, ரேவதி படித்து எழுதிக்கொண்டாள். சாவியால் ஓர் இடத்தைச் சுரண்டினாள். பச்சைக்கு அடியில் காவி நிறம் வந்தது. "அண்ணி, இவரு பச்சைதான்னு சாதிச்சாரே" என்றாள். நீ போனபிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அது உடனே அழுகையாகிவிட்டது. நாராயணப்பா அந்தப் பக்கம் போய்த் தக்காளிச் செடியைப் பார்ப்பதுபோல நின்றார். கிளம்பும்போது பை நிறையத் தக்காளி கொடுத்தார். அடுத்த வாரமே பெட்டியை உடைத்துவிட்டதாகப் போன் செய்து சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஹொஸ்கோட்டை தாண்டினபிறகுதான் ரேவதி பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாம் இந்த ரயிலே எடுத்துக்கிச்சுன்னு எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் அண்ணி. இப்ப அவரு கையால செஞ்சதுன்னு எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சென்னையில வேல கெடச்சிருக்கு. போகட்டுமா?" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் போய்விட்டால் உன்னைப் பற்றிப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் அப்போது தோன்றியது.

கார்டு பெட்டியை நாங்கள் செய்துவிட்டோம் தாமு. உன் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி, உன் பசையை வைத்து, காவி அடித்து. முதலில் செய்தது கோணிக்கொண்டது. அடுத்ததுதான் நிமிர்ந்து நின்றது. நாய்க் கூண்டுகூட உள்ளே இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அளவுகளையும் போட்டோக்களையும் நீ எழுதுகிற அந்த ரயில் பிரியர்கள் குழுவுக்கு உன் பெயரைப் போட்டே ரேவதி அனுப்பினாள். இந்தப் பெட்டியை வருஷக்கணக்காகத் தேடியதாக யாரோ ஒருவர் அவளுக்கு எழுதியிருக்கிறார். அவர் உன்னைப் பார்க்க வேண்டுமென்றும் கேட்டிருக்கிறார்.

போன வாரம் வீட்டைக் காலி செய்தாயிற்று. பலகைகளைக் கழற்றி மர்பி டவுனில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டில் போட்டிருந்த இடத்தில் இப்போது உன் கோலார் ஸ்டேஷன் இருக்கிறது. நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். ரேவதி சென்னைக்குப் போய்விட்டாள்.

நேற்று அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். வெகுநேரம் எதையெதையோ பேசினார். கடைசியில், "அவளுக்கு வயசு என்ன ஆயிடுச்சு, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்புறம், "அவ மனசுக்குப் பிடிச்சா போதும்மா, எங்க வீட்டுலேர்ந்து ஒரு சொல் வராது" என்றேன்.

சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த நாள் எப்போது வந்தாலும் நான் முன்வரிசையில் இருப்பேன் தாமு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவேன், அவள் தலையில் நானே பூ வைப்பேன். என் முகம் வாடியதை அவள் பார்க்கமாட்டாள். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
விஜயா
மர்பி டவுன், பெங்களூரு