கறுத்துப்போன ஸ்கேன் படம்

மார்ச் 4
கடையில் லேமினேஷன் மெஷினுக்குப் புது உருளை மாட்டியாயிற்று. இனி சுருக்கம் விழாது.

மார்ச் 6
பக்கத்துத் தெரு டீச்சர் ஒரு ஸ்கேன் படம் கொண்டுவந்தாள். ரெண்டு வருஷம் முன்னால் வயிற்றிலேயே போய்விட்ட குழந்தை. "இது ஒண்ணுதான் இருக்குக்கா. மங்கிட்டே வருது. லேமினேட் பண்ணா நிக்குமா?"

"நல்லா நிக்கும், குடும்மா" என்றேன்.

உள்ளே போனது படம். வெளியே வந்தது முழுக்கக் கறுப்பு. ஒரு மூலைகூட மிச்சமில்லை.

எனக்குத் தெரியாதா? பில் காகிதம் சூட்டில் கறுக்கும் என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்! இதுவும் அதே மாதிரிக் காகிதம்தான். படம் என்றதும் புத்தி எங்கே மேயப் போனது? அதோடு விட்டேனா— "ஏற்கெனவே எங்கயோ வெயில் பட்டிருக்கும்மா, அதான்" என்று வாய் கூசாமல் சொன்னேன். "அவர்தான் வண்டியிலயே வச்சுக்கிட்டு சுத்துனாரு" என்றாள். அழக்கூட இல்லை.

மார்ச் 7
லேமினேஷன் மெஷினை இன்று போடவேயில்லை.

மார்ச் 9
இன்னொரு பிரதி கிடைக்குமா என்று ஸ்கேன் சென்டருக்குப் போனேன். பழைய பதிவெல்லாம் அழித்தாயிற்றாம். படம் எடுப்பவர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் காகிதத்துக்கு மையே கிடையாது. மேலே பூசிய மருந்து சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது. அவர்கள் மெஷின் புள்ளி புள்ளியாகச் சுட்டுப் படம் போடுகிறது. என் மெஷின் மொத்தமாகச் சுட்டுவிட்டது. வெயில், பிளாஸ்டிக் உறை, கை எண்ணெய், எது பட்டாலும் கெடுமாம். "அன்னைக்கே ஒரு நகல் எடுத்து வைங்கன்னு சொல்றோம். யார் கேக்குறா?"

நகல் மெஷின் என் கடையில் ரெண்டு இருக்கிறது.

மார்ச் 10
டீச்சரின் தங்கை வந்தாள். அக்காவும் மாமாவும் நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "மாமா எல்லாம் என்னாலதான்னு உக்காந்திருக்காரு." ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 11
போய்ச் சொல்லிவிட்டேன். வாசலில் நின்றபடியே. "உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லம்மா. நான்தான் கருக்கினேன். பொய்யும் சொன்னேன்." அவள் திட்டவில்லை. உள்ளே திரும்பி, "என்னங்க..." என்றாள். குரல் உடைந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 19
டீச்சரும் வீட்டுக்காரரும் கடைக்கு வந்தார்கள். அந்தப் படத்தை அவர் நினைவிலிருந்து பென்சிலால் வரைந்திருக்கிறார். என் மேஜையிலேயே சண்டை.

"கை நெத்திகிட்ட இருந்துச்சு."

"இல்லடி, கன்னத்துல."

ரப்பர் கேட்டார், கொடுத்தேன். அழித்துவிட்டு அவள் சொன்ன இடத்திலேயே கையைப் போட்டார்.

லேமினேட் பண்ண வேண்டுமாம். முதலில் நகல் எடுத்தேன். பிறகு அவருடைய பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கி, அதை மெஷினில் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் படத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"போடுங்கக்கா" என்றாள்.