முனியாண்டியைக் கல் என்று எழுதியவள்

2025 மார்ச் 19, புதன்

கேகாலையில் இன்று நல்லிணக்கக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் நடந்த அடிதடிக்கு ஒரு தொண்டு நிறுவனம் மூன்றே நாளில் மருந்து கண்டுபிடித்துவிட்டது. ஒரு பௌத்த ஹாமுதுரு, ஒரு குருக்கள், ஒரு மௌலவி, ஒரு பாதர், நால்வரும் கைகோத்து மேடையில் நிற்க வேண்டும். இவர்களில் ஒருவர்கூட அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மௌலவிக்குத் தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றே விளங்கவில்லை, பாவம்.

"மிஸ், கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கச் சொல்லுங்களேன். பெனர் மறையுது" என்றாள் நிறுவனத்துப் பெண். சொன்னேன். தூக்கினார்கள். எடுத்தேன். பிறகு சோற்றுப் பார்சல் தந்தார்கள். அருவருப்பாக இருந்தது. அதையும் உட்கார்ந்து சாப்பிட்டேனே, அதுதான் இன்னும் அருவருப்பு.

இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. மனிதர்கள் எங்கே கும்பிடுகிறார்கள், எங்கே வெட்டிக்கொள்கிறார்கள் என்று தேடிப் போய்ப் படம் எடுத்து ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துக்கு அனுப்புவது. கர்பலாவில் மார்பில் அடித்து அழுதவர்களை எடுத்திருக்கிறேன். மணிலாவுக்கு வடக்கே பெரிய வெள்ளியன்று சிலுவையில் தொங்கியவர்களை எடுத்திருக்கிறேன். காசி, எத்தியோப்பியா, ஜெருசலேம். முழங்கால் உடைந்ததால் மூன்று மாத ஓய்வு, அதற்காகத்தான் புளத்கொகுபிட்டியவில் மஷூர் நானாவின் போட்டோ கடை மாடியில் வந்து கிடக்கிறேன். கிடந்த இடத்துக்கே சண்டை வந்தது. அதுவும் நான் பிறந்த தோட்டத்தின் கீழ் டிவிஷனில்.

வீதியை அகலமாக்க என்று கிராமத்துப் பக்கமிருந்து மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தோடு சிலர் வந்தார்கள். வீதி வளைவில் இருக்கும் மரத்தை, மரத்தடிக் கோயிலோடு சேர்த்து, வழிப்பதாகத் திட்டம். தோட்டத்துப் பையன்கள் மறித்தார்கள். இரண்டு பக்கமும் கல் பறந்தது. யாரோ டயரைக் கொளுத்தினார்கள். ஏழு பேர் கரவனெல்ல ஆஸ்பத்திரியில். நான் வளைவுக்கு மேலே, தேயிலைக்குள் நின்று நீள லென்ஸால் எடுத்தேன்.

அதில் ஒரு படம் எங்கும் பரவிவிட்டது. புகைக்கு முன்னால் ஒரு இளைஞன், சட்டை கிழிந்து, வாய் திறந்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஒரு கல். என் வழக்கப்படி கறுப்பு வெள்ளை. "காலத்தைக் கடந்த படம்" என்று எடிட்டர் எழுதியிருக்கிறார். முப்பது பத்திரிகையில் வந்துவிட்டதாம். வருடத்தின் பெரிய போட்டிக்கு அனுப்புகிறாராம்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

மார்ச் 21, வெள்ளி

படத்தில் இருக்கும் பையனைப் பொலிஸ் பிடித்துவிட்டது. பெயர் கிருஷாந்த். பதினான்கு நாள் விளக்கமறியல். மஷூர் நானா கீழே இருந்தே கத்திச் சொன்னார்.

மார்ச் 22, சனி

காலையில் புஷ்பம் அக்கா வந்தாள். அம்மாவோடு ஒரே மலையில் ரப்பர் பால் வெட்டியவள். கிருஷாந்த் அவளுடைய மகன் என்பது எனக்குத் தெரியாது. நான் தோட்டத்தை விட்டுப் போனபோது அவன் பிறக்கவே இல்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகி வைத்திருந்தாள். எடுத்து மேசையில் விரித்தாள். படத்துக்குக் கீழே இருப்பதை வாசிக்கச் சொன்னாள். அது நான் எழுதியது, நானே வாசிக்க வேண்டியதாயிற்று: 'கல்லெறியத் தயாராகும் தோட்டத்து இளைஞன்.'

"கல்லா? அது கல்லா புள்ள ஒனக்கு?"

எனக்கு விளங்கவில்லை.

"நல்லாப் பாரு. அம்புட்டுப் பெரிய கல்ல எவனாச்சும் எறிவானா? அது முனியாண்டி. பெக்கோ வந்து மண்ணோட மண்ணா வழிச்சிரும்னு எம்புள்ள ஓடிப்போயித் தூக்கினான். தலையில வச்சுக் கொண்டாந்து எங்க லயத்து வீட்டுல, சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்தான். பொலிஸ்காரங்க வந்து, 'இந்தா அடிச்ச கல்லு'ன்னு சாமியையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"ஒனக்கு மொத முடி எறக்கினது எங்க? ஒங்கம்மா ஒன்னைய மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தது எந்தச் சாமிக்கு முன்னாடி? ஊர் ஊராப் போயி சாமி பாத்தவளுக்கு நம்ம சாமி கல்லாத்தான் தெரியும்போல."

போய்விட்டாள். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

அதே நாள், மாலை

மூலப் படங்களைத் திறந்தேன். கலரில்.

தொடர்ச்சியாக ஏழு. முதலாவதில் மரத்தடியில் குனிகிறான். இரண்டாவதில் நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறான். மூன்றாவது — அந்தப் படம். நான்காவதில் அது அவன் தலையில் இருக்கிறது, அடியில் துண்டைச் சும்மாடாகச் சுற்றியிருக்கிறான். ஐந்து, ஆறு, ஏழில் முதுகைக் காட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடுகிறான்.

கல் முழுக்க மஞ்சள். நெற்றியில் கையகலத்துக்குக் குங்குமம். கறுப்பு வெள்ளையில் அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன். அவன் மணிக்கட்டில் தொங்குவது அறுந்துபோன எலுமிச்சை மாலை. அதைச் சைக்கிள் செயின் என்று நினைத்து, நல்ல விவரம் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். ச்சீ.

ஏழில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது யார்? நான்தான். நிறத்தை எடுத்தது யார்? வாக்கியம் எழுதியது யார்? எடிட்டரா, பொலிஸா, பெக்கோக்காரனா? மற்றவர்கள் செய்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். கர்பலாவில் ஒரு பச்சைத் துணிக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் விசாரித்துவிட்டு எழுதியவள் நான். நம்ம ஊருக்கு விசாரணை எதுக்கு, எல்லாந்தான் தெரியுமே!

மார்ச் 24, திங்கள்

எடிட்டரோடு பேசினேன். மரியாதையானவர், ஒருபோதும் குரலை உயர்த்தமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது படத்தை இன்னும் ஆழமாக்குகிறது" என்றார். கொஞ்ச நேரம் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் விளக்கத்தை ஒரு வரி திருத்துவார்களாம். ஆனால் வெளிவராத படங்களை நீதிமன்றத்துக்குக் கொடுப்பது நிறுவனக் கொள்கைக்கு எதிரானது. தப்பான கொள்கை என்று சொல்லமாட்டேன், நானே அதற்காக வேறு நாட்டில் மூன்று நாள் உள்ளே இருந்திருக்கிறேன். ஆனால் இவர் கொள்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே நடுவில் போட்டியைப் பற்றிப் பேசினார். முதல் சுற்றில் தேறிவிட்டதாம். "இப்போது நீ போய்ச் சத்தியம் செய்தால், படமும் போகும், உன் பெயரும் போகும். யோசி, நிரோஷா."

யோசிக்கிறேன் என்று சொன்னேன். என்ன யோசிக்க இருக்கிறது? ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

மார்ச் 25, செவ்வாய்

முழங்கால் வலி என்று மஷூர் நானாவிடம் பொய் சொல்லிவிட்டு, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

கேகாலையில் சட்டத்தரணி நஸ்லினைப் பார்த்தேன். மஷூர் நானாவின் மருமகள். கிருஷாந்துக்காக அவள்தான் ஆஜராகிறாள். ஏழு படங்களையும் வரிசையாக மேசையில் பரப்பியதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"இது போதும். இதோட ஒங்க சத்தியக் கடதாசியும் வேணும். கீழ இருந்த வசனத்த யாரு எழுதினதுன்னு கட்டாயம் கேப்பாங்க." என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரலை இறக்கினாள். "நிறுவனம் எழுதினதுன்னு போட்டா ஒங்களுக்குக் கஸ்டம் கொறயும். அவங்க எங்கயோ இருக்காங்க. யாரும் போய்த் தேட மாட்டாங்க."

சரி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இதை எழுதி வைக்க வேண்டும், பிற்பாடு நான் நல்லவள் மாதிரி நடிக்காமல் இருப்பதற்கு. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்து முடியும்வரை பார்த்தேன்.

"நான் எழுதினேன்னு போடுங்க" என்றேன்.

நஸ்லின் என்னைப் பாராட்டவில்லை. அதற்கு நன்றி.

ஏப்ரல் 4, வெள்ளி

நீதிமன்றம். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். கிருஷாந்தை அப்போதுதான் முதன்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். படத்தில் பெரிய ஆளாகத் தெரிந்தவன். கூண்டில் ஒல்லிக்குச்சியாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வயது.

முனியாண்டியும் வந்திருந்தார். வழக்குப் பொருள் என்று ஒரு சீட்டு ஒட்டி, உரப் பையில். புஷ்பம் அக்கா பையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு பொலிஸ்காரர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்காமல் தொப்பியைக் கழற்றினார்.

நீதவான் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"இது இந்த மக்கள் வணங்கும் பொருள் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும். என் முதல் முடியை அங்கேதான் இறக்கினார்கள்."

"அப்படியென்றால் ஏன் இப்படி எழுதினீர்கள்?"

வரும் வழியெல்லாம் இதற்குப் பதில் தயாரித்திருந்தேன். தூரம், புகை, அவசரம். எல்லாம் உண்மைதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"கையும் கல்லும் கண்ணில் பட்டதும் வசனம் வந்துவிட்டது. எந்த நாட்டிலும் அதே வசனத்தைத்தான் எழுதுவேன். இங்கேயும் எழுதினேன்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். கிருஷாந்துக்குப் பிணை. வழக்கு முடியும்வரை பொருள் நீதிமன்றத்திலேயே இருக்கும் என்றார். புஷ்பம் அக்காவுக்கு மகன் வந்தது சந்தோஷம், சாமி வராதது துக்கம். இரண்டுக்கும் சேர்த்து வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஏப்ரல் 9, புதன்

நிறுவனத்திலிருந்து இரண்டு பந்தியில் ஒரு மின்னஞ்சல். படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தது. 'உங்கள் நேர்மையை மதிக்கிறோம்' என்று கடைசி வரி. த்தூ.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. யாரும் கூப்பிடவில்லை. மஷூர் நானா வீட்டிலிருந்து இனிப்பாக வட்டிலப்பம் வந்தது.

மே 30, வெள்ளி

படம் செத்துவிட்டது என்று நினைத்தேன். அது எங்கே சாகும்? இன்று முகப்புத்தகத்தில் யாரோ மறுபடி போட்டிருந்தான், வேறு ஏதோ ஊர்ச் சண்டைக்கு, வேறு தலைப்போடு. நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். திருத்திய வரியை ஒருவரும் பகிரவில்லை. கீழே எழுதியிருப்பதை வாசித்தால் குளிக்க வேண்டும்போல் இருக்கிறது. நம் ஆட்கள் சிலர் 'சிங்கக்குட்டி' என்று அவனைப் பாராட்டியிருந்தார்கள். வெறுப்பவர்கள் எழுதியதைவிட அந்தப் பாராட்டுத்தான் என்னைச் சுட்டது.

கிருஷாந்த் வேலை செய்த ஹாட்வெயார் கடையில் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. முதலாளி நல்ல மனிதர்தான், வருகிறவர்கள் அடையாளம் கண்டு கேட்கிறார்களாம்.

நான் மஷூர் நானாவின் கடையிலேயே அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறேன். கழுத்தை நேராக வைக்கச் சொல்வேன், எடுப்பேன். கீழே ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வழக்கிலிருந்து கிருஷாந்தை விடுவித்துவிட்டார்கள். பொருளை எடுத்துப் போகலாம் என்று உத்தரவு. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். நஸ்லின்தான் ஆட்டோ பிடித்துக்கொண்டு வரச் சொன்னாள்.

களஞ்சியத்திலிருந்து ஒருவர் உரப் பையை இழுத்து வந்து படிக்கட்டில் வைத்தார். ஐந்து மாதத்தில் குங்குமம் உதிர்ந்துவிட்டது. மஞ்சள் ஓரங்களில் மட்டும் கொஞ்சம். நெற்றியில் சீட்டு ஒட்டியிருந்தது. புஷ்பம் அக்கா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், முழுக்க வரவில்லை. பரவாயில்லை, மரத்தடியில் வைத்துப் பாலும் தண்ணியும் ஊற்றினால் போய்விடும் என்றாள். மரத்தை வெட்டாமல், வீதி வளைவுக்கு உள்ளே தள்ளி இடம் விட்டிருக்கிறார்கள். கிராமத்துப் பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் வந்து சாமிக்கு மேடை கட்ட உதவினார்களாம். எந்தக் கூட்டமும் இல்லாமல், பெனரும் இல்லாமல்.

என்னோடு அவள் பேசியது மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, "தூக்குடா, நேரமாகுது" என்றாள்.

கிருஷாந்த் இரண்டு படி தள்ளி நின்றான். நீதிமன்ற வாசலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் கையில் தொலைபேசி. அவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"இல்லம்மா. நான் கல்லு தூக்கமாட்டேன்."

புஷ்பம் அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். சாமி என்று சொல்லச் சொல்லித் திருத்துவாள் என்று காத்திருந்தேன். திருத்தவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

நான் குனிந்து தூக்கினேன். முழங்காலில் உயிர் போனது. ஆட்டோவரைக்கும் முப்பது அடி இருக்கும்.